நல்ல தண்ணிக்கு எந்த வழி? சிறு பாய்மரப் படகில் வாட்டர்மேக்கரா, பெரிய தொட்டியா, கேனும் மழையுமா

படகின் தரைப்பலகைக்குக் கீழே தண்ணீர் தேங்கிக் கிடந்தால் முதல் வேலை, விரலை நனைத்து நாக்கில் வைப்பதுதான். உப்புக் கரித்தால் கடல் உள்ளே வருகிறது. கரிக்காவிட்டால் குடிதண்ணீர் வெளியே போகிறது.

தாய்லாந்தின் கோ ரோக் தீவிலிருந்து மலேசியாவின் லங்காவிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காற்று அடியோடு நின்றுவிட்டதால் இரவு முழுக்க எஞ்சினில்தான் ஓட்டம். விடியற்காலையில் பார்த்தால், தரைப்பலகைக்கு அடியில் (பில்ஜ்) சேரும் நீரைக் கடலுக்கு இறைக்கும் பில்ஜ் பம்ப்பின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது. பலகையைத் தூக்கினேன், கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். மனைவி படிக்கட்டில் நின்றபடியே கேட்டாள்: "உப்பா, நல்ல தண்ணியா?"

நல்ல தண்ணி. படகு மூழ்கவில்லை என்ற நிம்மதி ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. கைகழுவும் தொட்டிக்கு அடியில் ஹோஸைப் பிடித்திருந்த கிளிப் தளர்ந்து, குழாய் நழுவிக் கிடந்தது. பிரஷர் பம்ப்பின் குணம், குழாயில் அழுத்தம் குறைந்தால் தானே ஓடத் தொடங்குவது. எஞ்சின் சத்தத்தில் அது ஓடியது எங்கள் காதில் விழவில்லை. இரண்டு தொட்டிகளின் வால்வுகளையும் நான் திறந்தே வைத்திருந்தேன். ஒரு பம்ப் தொட்டியிலிருந்து பில்ஜுக்குக் கொட்ட, இன்னொரு பம்ப் பில்ஜிலிருந்து கடலுக்கு இறைத்துவிட்டது. 300 லிட்டரில் மிஞ்சியது சமையல் மேடைக்குக் கீழே இருந்த ஆறு பாட்டில்கள். லங்காவி அரை நாள் தூரத்தில் இருந்ததால் பிழைத்தோம்.

அந்த மாதமே இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தொட்டிகளைத் திரும்ப நிரப்பியபோது வலப்பக்கத் தொட்டியின் அடி வெல்டிங் ஓரத்தில் முத்து முத்தாய்த் தண்ணீர் துளிர்த்தது. டிஷ்யூ தாளை ஒற்றி எடுத்தால் ஊசிமுனை அளவு ஈரப்பொட்டு. துடைத்துவிட்டால் அரை நிமிடத்தில் திரும்ப வரும். எங்கள் படகு 38 அடி, 1980களில் கட்டியது. உட்காரும் பெஞ்சுகளுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக 150 லிட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டிகள். அடுத்த வாடைக்காற்றுப் பருவத்தில் வங்கக்கடலைக் கடந்து திருகோணமலை போவதென்று முடிவு செய்திருந்தோம். கையிலிருந்த பணம் ஒரு பெரிய வேலைக்குத்தான் வரும். கடல்நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கர் வாங்குவதா, தொட்டியைப் பெரிதாக்குவதா, இருப்பதைச் சரிசெய்துகொண்டு கேனையும் மழையையும் நம்பிக் கிளம்புவதா? படகுத்துறையில் யாரைக் கேட்டாலும் கையோடு ஒரு பதில் இருந்தது. ஆனால் எல்லாமே அவரவர் பயணத்துக்கான பதில்கள்.

அதனால் முதலில் எங்கள் பயணத்துக்கான கணக்கைப் போட்டோம். லங்காவியிலிருந்து திருகோணமலை சுமார் 1,100 கடல் மைல். மணிக்கு 5 மைல் சராசரி கிடைத்தால் ஒன்பது, பத்து நாள். பாய் கிழியலாம், காற்று விழலாம், எஞ்சின் மக்கர் செய்யலாம் என்று நாளை இரட்டிப்பாக்கி 20 என்று வைத்துக்கொண்டோம். இந்த வெயிலில் குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். முகம் கழுவ, உப்பு போக உடம்பைத் துடைக்க இன்னும் 2 லிட்டர். இரண்டு பேருக்கு 20 நாளில் 240 லிட்டர். எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது, எங்களிடம் இருந்த 300 லிட்டர் கொள்ளளவே போதும். அன்று எங்களைக் கவிழ்த்தது அளவுக் குறைவு கிடையாது. மொத்தத் தண்ணீரும் ஒரே குழாயின் வழியாக, ஒரே இரவில் போக முடிந்ததுதான்.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வழிகளையும் எடைபோட்டேன்.

வாட்டர்மேக்கர் என்பது பலர் வீட்டில் இருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் முரட்டு அண்ணன். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் சென்னைக்காகக் கடல்நீரைக் குடிநீராக்குவதும் இதே சவ்வு முறைதான். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. நல்ல தண்ணீர் தானாகவே சவ்வைத் தாண்டி உப்புப் பக்கம் போகத் துடிக்கும் இயல்பான அழுத்தம் மட்டுமே 27 பார் அளவுக்கு வரும். அதை மீறித் தண்ணீரை எதிர்த்திசையில் தள்ள வேண்டும் என்பதால் 55 பார் வாக்கில் அழுத்தம் கொடுக்கிறார்கள். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல சுமார் 25 மடங்கு. உறிஞ்சும் கடல்நீரில் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் கூடவோதான் நல்ல தண்ணீராகும். மிச்சம் இன்னும் உப்பேறிக் கடலுக்கே போகும்.

முன்பெல்லாம் இதற்கு ஜெனரேட்டர் வேண்டும். இப்போது வெளியேறும் உப்புநீரில் மிச்சமிருக்கும் அழுத்தத்தையே திரும்பப் பிடித்துப் பயன்படுத்தும் 12 வோல்ட் இயந்திரங்கள் இருக்கின்றன. ஸ்பெக்ட்ரா வென்ச்சுரா வகை மணிக்கு ஏறக்குறைய 24 லிட்டர் கொடுத்து 9 ஆம்பியர் இழுக்கும். லிட்டருக்கு நாலரை வாட்மணி கணக்காகிறது. 200 வாட் சோலார் பலகை வைத்திருக்கும் படகுக்கு இது பாரமே இல்லை. சிறியதில், கட்டாடின் பவர்சர்வைவர் 40ஈ மணிக்கு ஐந்தரை லிட்டர் வாக்கில், 4 ஆம்பியரில். மின்சாரம் செத்துப்போனால் நெம்புகோலைப் பூட்டிக் கையாலும் அடிக்கலாம் என்பது அதன் பெரிய பலம்.

ஆசையாகத்தான் இருக்கிறது. நங்கூரம் போட்டு வாரக்கணக்கில் கிடக்கிறவர்களுக்கு இதைவிட நல்லது ஒன்றும் இல்லை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது வாங்கி மாட்டிவிட்டு மறந்துவிடக்கூடிய பொருள் கிடையாது. துறைமுகத்தில் ஓட்டக் கூடாது, தண்ணீரில் மிதக்கும் டீசல் படலம் சவ்வைக் கெடுத்துவிடும். குளோரின் பட்டாலும் சவ்வு போய்விடும். அதனால் கழுவ விடும் நல்ல தண்ணீரும் கார்பன் ஃபில்டர் வழியாகத்தான் போக வேண்டும். நான்கைந்து நாளுக்கு ஒருமுறையாவது கழுவாவிட்டால் உள்ளே உயிரிகள் வளர்ந்து நாறும். நீண்ட நாள் ஓட்டப் போவதில்லை என்றால் மருந்துக் கரைசலில் ஊறப்போட்டு வைக்க வேண்டும். முன்ஃபில்டர்கள் 20 மைக்ரான், 5 மைக்ரான் என்று தீர்ந்துகொண்டே இருக்கும். படகு சாய்ந்து ஓடும்போது கடல்நீர் எடுக்கும் வாய் வெளியே வந்து காற்றை உறிஞ்சினால் நின்றுவிடும். துறைமுகத்தில் ஓட்டக் கூடாத இயந்திரம், காற்றில் சாய்ந்து ஓடும்போது தயங்கும் இயந்திரம், எங்களுக்குத் தேவைப்படும் பத்து நாளில் எத்தனை நாள் ஒழுங்காக ஓடும்?

ஒரே ஊற்றை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியப் பெருங்கடலிலேயே ஒரு சாட்சி உண்டு. 2014 டிசம்பரில் மாலத்தீவின் தலைநகரான மாலேயில் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையில் தீப்பிடித்தபோது ஊர் முழுக்கக் குழாய்கள் வறண்டன. இந்தியா விமானங்களிலும் கடற்படைக் கப்பல்களிலும் தண்ணீர் அனுப்பியது. நகரத்துக்கு அனுப்ப ஆள் இருந்தார்கள். நிக்கோபாருக்கு மேற்கே, கரையில் இருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி மிதக்கும் 38 அடி படகுக்கு யார் அனுப்புவது? வாட்டர்மேக்கர் இருந்தாலும், அது பாதி வழியில் நின்றுபோனால் கரை சேரப் போதுமான தண்ணீரைத் தொட்டியில் வைத்திருக்க வேண்டும். அந்த அளவு தொட்டியில் இருக்கிறது என்றால், இந்தக் கடப்புக்கு இயந்திரம் சேர்ப்பது வசதியை மட்டும்தான்.

இரண்டாவது வழி, கூடுதல் தொட்டி. அணியத்துப் படுக்கைக்குக் கீழே 200 லிட்டர் பை ஒன்றைப் போட்டுவிடுங்கள் என்றார்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. படகின் முன்மூக்கில் 200 கிலோ என்றால் மூன்று பெரிய ஆட்கள் அங்கேயே படுத்துக்கொண்டு கடலைக் கடப்பதுபோல. அலையில் அணியம் எழும்பத் தாமதமாகும், ஒவ்வொரு குத்திலும் நீரை அள்ளும். சேர்ப்பதாக இருந்தால் படகின் நடுவில், தாழ்வாக, கீல் எனும் அடித்தண்டுக்கு அருகில் சேர்க்க வேண்டும். எங்கள் படகில் அந்த இடம் எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் போய்விட்டது. பத்து நாள் கடப்புக்கு 500 லிட்டர் சுமப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. இந்த வழியை அத்தோடு விட்டோம்.

மழையைப் பற்றிப் பேசும்போது பலரும் பருவத்தை மறந்துவிடுகிறார்கள். 10 சதுர மீட்டர் விரிப்பில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர். கணக்கு அவ்வளவு இனிமை. மலாக்கா நீரிணையில் ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையே 'சுமத்ரா' என்று அழைக்கப்படும் புயல்மழை விடியலுக்கு முன் வந்து விழும்போது, அரை மணி நேரத்தில் தொட்டி நிறையும். முதல் பத்து நிமிட மழையை விரிப்பிலும் தளத்திலும் இருக்கும் உப்பைக் கழுவ விட்டுவிட்டு, பிறகு தளத்தில் தொட்டிக்கு நீர் ஊற்றும் வாயின் பின்னால் துண்டைச் சுருட்டி அணை கட்டினால் போதும். ஆனால் மேற்கே கடப்பது ஜனவரி முதல் மார்ச் வரை, வாடைக்காற்றில். லங்காவிக்கே அது வறண்ட காலம். வானம் கழுவிவிட்டதுபோல இருக்கும் அந்த நாட்களில் மழையை நம்பிக் கிளம்புகிறவரை நான் தடுத்து நிறுத்துவேன். வந்தால் குளிக்க வைத்துக்கொள்ளலாம்.

கேன் வேறு. 20 லிட்டர் நீலக் கேனை நான் மிகவும் மதிக்கிறேன். ஒன்று கெட்டால் மற்றவை கெடாது. குழாய், வால்வு, மின்சாரம் எதுவும் வேண்டாம். உயிர்ப்படகில் ஏற வேண்டிய நிலை வந்தால் கையோடு தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் காற்று விட்டு வைத்தால் கடலில் விழுந்தாலும் மிதக்கும். தளத்தின் கம்பியில் வரிசையாகக் கட்டிவைக்கும் வழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்காது. பெரிய அலை ஏறினால் கம்பியோடு பெயர்த்துக்கொண்டு போகும். சுக்கான் பிடிக்க உட்காரும் இடமான காக்பிட்டின் அலமாரிக்குள் மூன்று போதும்.

தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதை எனக்கு உறைக்க வைத்தது இந்தியப் பாய்மரப் படகோட்டி அபிலாஷ் டோமியின் விபத்து. 2018 செப்டம்பரில், தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் படகுப் பந்தயத்தின்போது தென் இந்தியப் பெருங்கடலில் அவருடைய படகின் பாய்மரங்கள் முறிந்து, முதுகுத்தண்டில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். எழுந்து நடக்க முடியவில்லை. ஐஸ் டீ டின்களைக் குடிப்பதாகவும் வாந்தி நிற்கவில்லை என்றும் செய்தி அனுப்பினார். மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் ஓசிரிஸ் அவரை மீட்டது. அதைப் படித்த நாளிலிருந்து எங்கள் இருவர் படுக்கைக்கும் பக்கத்தில் தலா இரண்டு லிட்டர் பாட்டில் வலைப்பையில் கட்டிக் கிடக்கிறது. இதற்குச் செலவே இல்லை.

இனி ஒழுகும் தொட்டி. இதில்தான் நான் அதிக நாள் யோசித்தேன்.

316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பார்ப்பதற்கு அழகு, சுவை கெடாது, உள்ளே கைவிட்டுத் தேய்க்கலாம். அதன் பலவீனம் வெல்டிங். தேங்கிய நீரும் குளோரினும் சேர்ந்து வெல்டிங் ஓரத்தைக் குழிகுழியாய் அரிக்கும்; நாற்பது வயதுத் தொட்டியில் ஒரு துளையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று காத்திருக்கும். அலுமினியத் தொட்டி இலேசு, விலை குறைவு. ஆனால் குளோரின் விட்டால் வெள்ளைப் பொடியாய் உதிர்ந்து அடியில் வண்டல் சேரும். குடிதண்ணீருக்கு நான் அதை வைக்க மாட்டேன். படகின் உடலோடு சேர்த்து வார்த்த ஃபைபர் தொட்டி இடத்தை வீணாக்காது. பூச்சு சரியில்லாவிட்டால் வருடக்கணக்கில் பிசின் வாடை வீசும். பை வடிவ மென்தொட்டி எந்தப் பொந்திலும் நுழையும், அவசரத்துக்கு உதவும். ஆனால் படகு ஆடும் ஒவ்வொரு முறையும் அது தன் உடம்பை ஏதோ ஒரு ஆணியில், பலகை முனையில் உரசிக்கொண்டே இருக்கும்.

பாலிஎத்திலீன் தொட்டிகள் ஒரே வார்ப்பு. வெல்டிங் இல்லை, துரு இல்லை. ஒளி ஊடுருவும் என்பதால் வெளிச்சம் படும் இடத்தில் பாசி பிடிக்கும். பெஞ்சுக்குக் கீழே இருட்டில் அந்தப் பயம் இல்லை. பசை எதுவும் ஒட்டாது, கிழிந்தால் பிளாஸ்டிக் வெல்டிங் தெரிந்தவர் வேண்டும். முக்கியமான சங்கடம் வேறு. எங்கள் பழைய தொட்டி, படகின் மேல்தளம் மூடப்படும் முன்பே உள்ளே வைக்கப்பட்டது. முழுதாக வெளியே வராது. அறுத்துத் துண்டு துண்டாகத்தான் எடுத்தோம். அதே அளவில் புதியது வாசல் வழியாக உள்ளேயும் வராது. அதனால் 150 லிட்டர் ஒன்றுக்குப் பதில் 75 லிட்டர் பாலிஎத்திலீன் தொட்டி இரண்டு வைத்தோம். முதலில் வேறு வழியில்லாமல் செய்த காரியம். வைத்து முடித்ததும்தான் இதுவே சிறந்தது என்று தெரிந்தது. இரண்டு அறைகளாக இருந்த தண்ணீர் மூன்று அறைகளாகிவிட்டது. சிறிய தொட்டிக்குள் நீர் அலையடிப்பதும் குறைவு. பெரிய தொட்டி வைப்பவர்கள் அரை மீட்டருக்கு ஒரு உள்தடுப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்; இல்லையென்றால் இரவெல்லாம் தொட்டிக்குள் 'தடால் தடால்' என்று கேட்கும், அந்த அடியில்தான் இணைப்புகள் விடும்.

மூன்று தொட்டிக்கும் தனித்தனி வால்வு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறந்திருக்கும். இரண்டு திறந்திருந்தால் படகு சாயும்போது மேல்பக்கத் தொட்டி கீழ்ப்பக்கத் தொட்டிக்கு வடிந்து, நிரம்பி, காற்றுக்குழாய் வழியாக வழிந்துவிடும்.

காற்றுக்குழாயையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல படகுகளில் அது வெளிச்சுவரில் முடிகிறது. நாள்கணக்கில் ஒரே பக்கம் சாய்ந்து ஓடினால் அந்த வாய் கடலுக்குள் அமிழ்ந்து, உப்புநீர் நேராகத் தொட்டிக்கு வரும். நாங்கள் அதை உள்ளே, கைகழுவும் தொட்டிக்கு மேலாக உயரத்தில் வளைத்து விட்டோம். தளத்து மூடிகளின் ரப்பர் வளையத்தையும் மாற்றினோம். டீசல் மூடிக்குச் சிவப்பு, தண்ணீர் மூடிக்கு நீலம் என்று வண்ணம் அடித்ததும் அப்போதுதான்; அசதியில் ஒரு முறை தவறான வாயில் டீசல் ஊற்றிவிட்டால் அந்தத் தொட்டியின் வாடை லேசில் போகாது.

அடுத்தது குழாய்க்கு வருகிற விதம். என் மனசுக்கு இதுதான் தொட்டியைவிடப் பெரிய முடிவு. பிரஷர் பம்ப் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல் தள்ளும். வீட்டில் பழகிய கை, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே தட்டைக் கழுவும். கால் பம்ப்பில் அந்தப் பழக்கம் நடக்காது. சமையல் மேடைக்கு அடியில் ஒரு மிதி. மிதித்தால் வரும், காலை எடுத்தால் நிற்கும். ஒரு டம்ளர் நிறைய இரண்டு மூன்று மிதி. இரு கையும் சும்மா இருப்பதால் ஆடும் படகில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கழுவலாம். வேல் கஷர் மாதிரி பம்ப்புகளுக்கு ரப்பர் சவ்வும் வால்வும் அடங்கிய பழுதுப் பொட்டலம் கிடைக்கிறது. அரை மணி வேலை. நாங்கள் இரண்டையும் வைத்திருக்கிறோம். துறையில் கட்டியிருக்கும்போது பிரஷர் பம்ப். கயிற்றை அவிழ்த்த நிமிடத்தில் அதன் சுவிட்ச் அணைக்கப்படும், கடலில் கால் பம்ப் மட்டும். கிளிப் கழன்றாலும் யாரும் மிதிக்காமல் ஒரு சொட்டு போகாது.

பக்கத்திலேயே இன்னொரு கால் பம்ப், கடல்நீருக்கு. கரையைத் தாண்டிய பிறகு பாத்திரம் அதில்தான். அரிசியை இரண்டு முறை கடல்நீரில் களைந்து, கடைசியாக ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசுகிறாள் மனைவி. சோறு வடிக்காமல் பிரஷர் குக்கரில். உருளைக்கிழங்கு அவிக்க மூன்றில் ஒரு பங்கு கடல்நீர் சேர்த்தால் உப்பு போட வேண்டியதில்லை.

குழாய்களைப் பொறுத்தவரை, நூல் வலுவூட்டிய பிவிசி ஹோஸ் வளைந்து கொடுக்கும். ஆனால் இரு முனையிலும் கிளிப்பை நம்பி வாழ வேண்டும், நாளாக நாளாக உள்ளே வழவழப்பு பிடிக்கும். 15 மில்லிமீட்டர் பெக்ஸ் எனும் பிளாஸ்டிக் குழாய், தள்ளிச் சொருகும் இணைப்புகளோடு, விறைப்பானது, சுவை மாற்றாது, நடுக்கடலில் கத்தி ஒன்றை வைத்துக்கொண்டு வெட்டிச் சேர்க்கலாம். நீண்ட தூரக் குழாய்கள் எல்லாம் பெக்ஸ், பம்ப்பின் இரு பக்கமும் மட்டும் அதிர்வு தாங்க அரை முழம் ஹோஸ் என்று முடித்தோம். ஹோஸ் இருக்கும் இடத்தில் முனைக்கு இரண்டு கிளிப்.

சுத்தத்துக்கு, கிளம்பும் முன் வாசனை சேர்க்காத 5 சதவீத வீட்டு பிளீச் 100 லிட்டருக்கு 100 மில்லி கலந்து, எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை திறந்து, நான்கு மணி நேரம் ஊற விட்டுக் கழுவினோம். ஸ்டீல் தொட்டியில் அதற்கு மேல் ஊறவிடக் கூடாது. பிளீச்சோடு வினிகரைச் சேர்ப்பது ஆபத்து, குளோரின் வாயு கிளம்பும். சந்தேகமான ஊரில் பிடித்த தண்ணீருக்கு அதே பிளீச் லிட்டருக்கு 2 சொட்டு, அரை மணி நேரம் பொறுத்து. முன்பு ஒரு துறையில் குழாய்த் தண்ணீரை ருசி பார்க்காமல் எல்லாத் தொட்டிக்கும் ஒரேயடியாக நிரப்பி, மூன்றாம் நாள் எல்லாமே சேற்று வாடை அடித்தது. இப்போது ஒரு ஊர்த் தண்ணீர் ஒரு தொட்டிக்கு மட்டும்.

பிப்ரவரியில் கடந்தோம். பதினோரு நாள் ஆனது. கட்டை அளவுகோலில் தினமும் குறித்து வைத்த கணக்குப்படி இருவரும் செலவழித்தது 118 லிட்டர். முதல் 75 லிட்டர் தொட்டி தீர்ந்தது, ஸ்டீல் தொட்டியில் 43 லிட்டர் இறங்கியது. மூன்றாவது தொட்டியின் வால்வையோ, கேன்களின் மூடியையோ திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் தூறல் போட்டது, தளத்தின் உப்பைக் கழுவக்கூட அது போதவில்லை.

திருகோணமலைக்குப் பிறகு எங்கள் கணக்கு மாறுகிறது. அடுத்து மாலத்தீவு. அங்கே பவளத் தீவுகளில் நிலத்தடி நல்ல தண்ணீர் மெல்லிய படலம்தான், தீவுக்காரர்களுக்கே அது போதாது. மாதக்கணக்கில் நங்கூரத்தில் கிடக்கப் போகிறவர்கள் அவர்களிடம் போய்க் கேன் கேனாகக் கேட்பது சரியில்லை. அங்கே தண்ணீர் தெளிவு, எண்ணெய்ப் படலம் இல்லை, படகு சாயாமல் நிற்கும், வெயில் தாராளம். வாட்டர்மேக்கர் நன்றாக ஓடக்கூடிய இடம் அது. அதற்காக மணிக்கு ஐந்து லிட்டர் தரும் சின்ன இயந்திரத்தை, கையால் அடிக்க முடிகிற வகையைச் சொல்லி வைத்திருக்கிறோம். அதன் தண்ணீர் நேராக எந்தத் தொட்டிக்கும் போகாது. முதலில் பத்து லிட்டர் கேனில் பிடித்து, நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 500க்குக் கீழே காட்டினால் முதல் தொட்டிக்கு மட்டும் ஊற்றுவோம். அறுத்தெடுத்த பழைய தொட்டி இருந்த பெஞ்சுக்குக் கீழே, புதிய தொட்டிகள் இரண்டுக்கும் நடுவில், அதற்கு ஒரு பிரஷர் குக்கர் பெட்டி அளவு இடம் விட்டிருக்கிறேன்.